கிரைண்டருக்குக் கடன் உண்டு, சனிக்கிழமைக் கூலிக்குக் கிடையாது

தொழில் தொடங்கக் கடன் கேட்டுப் போகிற தலித் இளைஞரிடம் மாவட்டத் தொழில் மையமும் வங்கியும் முதலில் கேட்பது திட்ட அறிக்கை. அதில் 'இயந்திரங்கள், கருவிகள்' என்று ஒரு தலைப்பு இருக்கும். அதற்குக் கடையிலிருந்து கொட்டேஷன் வாங்கி இணைக்க வேண்டும், மாடல் எண் வேண்டும், கடையின் ஜிஎஸ்டி எண் வேண்டும். அடுத்து 'நடைமுறை மூலதனம்' என்று இன்னொரு தலைப்பு. தொழில் ஓடிக்கொண்டிருக்கும்போது கூலிக்கும் சரக்குக்கும் கையில் இருக்க வேண்டிய பணம் அது. அங்கே ஒரு சின்னத் தொகையைக் குத்துமதிப்பாகப் போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். பெரிய தொகை போட்டால்தான் கேள்வி வரும்: "இவ்வளவு எதுக்குப்பா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

கடன் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கும் வேலையை நாங்கள் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறோம். எங்களிடம் வருகிறவர்களில் டைல்ஸ் ஒட்டும் தம்பிகள் நிறையப் பேர். வட மாவட்டங்களின் சேரிகளிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் கட்டட வேலைக்குப் போய், கலவை சுமந்து, பிறகு கரண்டி பிடித்து, மேஸ்திரி ஆனவர்கள். குளியலறைக்கு வாட்டம் வைப்பது, மூலை வெட்டுவது, இரண்டுக்கு நான்கு அடி டைலை ஒரு மயிரிழை ஏற்ற இறக்கம் இல்லாமல் உட்கார வைப்பது எல்லாம் அவர்கள் கைக்குத் தெரியும். "இன்னும் எத்தனை வருசம் அடுத்தவங்களுக்கே ஒட்டிக்கிட்டு இருக்கிறது? நாமளே காண்ட்ராக்ட் எடுத்தா என்ன?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

சரி, எடுக்கட்டும். என்ன செலவாகும்? ஒரு தம்பியை வைத்துக் கணக்குப் போடுவோம். விழுப்புரம் பக்கம் சிறு நகரம், இரண்டு மேஸ்திரி, இரண்டு உதவியாள் கொண்ட ஒரு செட். அந்த இரண்டு மேஸ்திரிகளில் ஒருவர் அவரே. கீழே வரும் விலைகள் கணக்குக்காக நாங்கள் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊரில் கொஞ்சம் கூடும், குறையும். நூறு இருநூறு கூடுவதால் வாதம் மாறாது.

நாலு இஞ்ச் கிரைண்டர் இரண்டு, 6,000. நாலு அடி மேனுவல் கட்டர், 9,000. லேசர் லெவல், 5,000. கலவை அடிக்கும் மெஷின், 5,000. பெரிய டைல் தூக்கும் சக்‌ஷன் கப், லெவலிங் கிளிப், ரப்பர் சுத்தியல், ரசமட்டம், மூலைமட்டம், கரண்டி, வாளி எல்லாம் சேர்த்து 6,000. டைமண்ட் பிளேடு முதல் இருப்பு 2,000. ஒயர், போர்டு, ஷாக் அடித்தால் துண்டிக்கிற டிரிப்பர் 2,000. முகக்கவசம், கண்ணாடி, கையுறை, கிரைண்டரில் தண்ணீர் விட்டு வெட்டுவதற்கான குழாய் 3,000. மொத்தம் 38,000. பழைய மொபெட் ஒன்று 25,000. ஆக 63,000. திட்ட அறிக்கை அக்கறை காட்டுகிற பகுதி இதோடு முடிந்துவிட்டது.

இனி வேலை. 1,500 சதுர அடி தரை, 500 சதுர அடி சுவர், மொத்தம் 2,000 சதுர அடி. சராசரியாக அடிக்கு 35 ரூபாய் லேபர் ரேட் என்றால் 70,000. மேஸ்திரிக்கு நாள் கூலி 1,100, உதவியாளுக்கு 700 என்றால் செட்டுக்கு ஒரு நாளைக்கு 3,600. ஸ்கர்ட்டிங், குளியலறை எல்லாம் சேர்த்து 14 நாள் வேலை. கூலி 50,400. பெட்ரோல், பிளேடு, டீ, சில்லறைச் செலவு 5,000. மீதி 14,600. காகிதத்தில் நல்ல தொழில்தான்.

ஆனால் பணம் எப்போது வருகிறது? வேலை தொடங்கும்போது அட்வான்ஸ் 10,000. ஹால் முடிந்ததும் 20,000. மீதி 40,000இல் 30,000 'அடுத்த மாசம்'. கடைசி 10,000 கிரகப்பிரவேசம் முடிந்து, தண்ணீர் ஊற்றிப் பார்த்து, தட்டிப் பார்த்து, எங்கும் 'டொக்கு' சத்தம் வரவில்லை என்று உறுதியான பிறகு. கூலியோ சனிக்கிழமை சாயங்காலம் கையில் கொடுத்தாக வேண்டும். முதல் சனிக்கிழமை 21,600 கொடுக்க வேண்டும், கையில் 10,000. இரண்டாவது சனிக்கிழமை இன்னொரு 21,600, வந்தது 20,000. மூன்றாவது வாரம் இரண்டு நாள் வேலை, 7,200. செலவு 5,000ஐயும் சேர்த்தால், வேலை முடிகிற அன்று நம் தம்பி தன் கையிலிருந்து 25,400 போட்டிருக்கிறார். அவருடைய கூலியை அவர் எடுக்காமல் விடலாமே என்று ஒரு வங்கி அதிகாரி எங்களிடம் கேட்டார். அந்த அதிகாரி தன் சம்பளத்தை மூன்று மாதம் கழித்து வாங்கிக்கொள்வாரா என்று நாங்கள் கேட்கவில்லை. விண்ணப்பம் அவர் மேசையில் இருந்தது.

முதல் வீட்டுப் பாக்கி வரும்வரை செட்டைச் சும்மா உட்கார வைக்க முடியாது. வேலை இல்லையென்றால் ஆட்கள் வேறு மேஸ்திரியிடம் போய்விடுவார்கள். எனவே இரண்டாவது வீடு, மூன்றாவது வீடு. மூன்று வீட்டுப் பாக்கி ஒரே நேரத்தில் வெளியே நின்றால் 76,200 ரூபாய். வெறும் லேபர் காண்ட்ராக்டுக்கே, கருவிகளுக்கும் வண்டிக்கும் ஆனதைவிட அதிகமான பணம் காத்திருப்பதற்காக மட்டும் தேவைப்படுகிறது.

வீட்டுக்காரரே டைல்ஸ் வாங்கித் தருவதுதான் வழக்கம். ஆனால் பில்டர்கள், கடைகள், மண்டபங்கள், தனியார் பள்ளிகள் மெட்டீரியலோடு ரேட் கேட்பார்கள். கூலி மேஸ்திரி காண்ட்ராக்டர் ஆவது அங்கேதான். அதே அளவு வேலைக்குத் தரை டைல் அடிக்கு 60 ரூபாய் என்றால் 90,000, சுவர் டைல் 45 என்றால் 22,500, சிமெண்டு, மணல், டைல் கம், கிரௌட் 35,000. மொத்தம் 1,47,500. இதன்மேல் 8 விழுக்காடு லாபம் வைத்தால் 11,800 கிடைக்கும்.

இதே வேலையை அதே ஊரில் ஆதிக்கச் சாதிக் காண்ட்ராக்டர் ஒருவரும் எடுக்கிறார். அவர் டைல்ஸ் கடைக்குப் போகிறார். கடைக்காரர் அவருக்குச் சொந்தம், அல்லது சொந்தத்துக்குச் சொந்தம், அல்லது ஒரே சங்கம், ஒரே சீட்டு. "அண்ணே, கணக்குல எழுதிக்கங்க" என்கிறார். லாரி வந்து இறங்குகிறது. மூன்று மாதம் கழித்துப் பணம் கொடுக்கிறார். அந்த மூன்று மாதத்துக்கு வட்டி கிடையாது.

நம் தம்பியும் அதே கடைக்குப் போகிறார். பத்து வருடமாக அந்தக் கடைச் சரக்கை ஒட்டுகிறவர், கடைக்காரருக்கு அவர் முகம் தெரியும், வேலை தெரியும். "ரொக்கம் குடுத்துட்டு எடுத்துக்கப்பா." வெளியே போனால் மூன்று வட்டிக்குக் கிடைக்கும். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். அரசுக் கணக்கில் சொன்னால் ஆண்டுக்கு 36 விழுக்காடு. 1,47,500க்கு மூன்று மாத வட்டி 13,275.

மெட்டீரியலில் வரும் லாபம் 11,800 என்று பார்த்தோம். அது முழுவதும் போய், கூலியில் மிச்சப்பட்டதிலிருந்தும் 1,475 எடுத்து வட்டிக்குக் கொடுக்க வேண்டும். ஒரே கடை, ஒரே டைல், ஒரே கைத்திறன். வித்தியாசம் 13,275 ரூபாய். தோழர்களே, சாதி என்பது மனதில் இருக்கும் அழுக்கு, படித்தால் போய்விடும் என்று சொல்கிறவர்களிடம் இந்தத் தொகையைக் காட்டுங்கள். ஒரு வேலைக்கு, 2,000 சதுர அடிக்கு, ஒரு சின்ன ஊரில் சாதியின் விலை இது.

"கடைக்காரனுக்குச் சாதியா முக்கியம்? பணம் திரும்ப வருமா என்றுதான் பார்ப்பான்" என்று சொல்வார்கள். சமூகவியல் வகுப்பில் எங்களிடமும் சொன்னார்கள். திரும்ப வரும் என்ற அந்த நம்பிக்கை எதிலிருந்து வருகிறது? பணம் வரவில்லையென்றால் இன்னாருடைய மாமாவிடம் போய்ப் பேசலாம், கோயில் திருவிழாவில் பார்க்கலாம், சங்கத்தில் சொல்லலாம் என்பதிலிருந்து வருகிறது. அந்த மாமாவும் அந்தத் திருவிழாவும் அந்தச் சங்கமும் எந்தத் தெருவில் இருக்கின்றன? புத்தகம் இதைச் 'சமூக மூலதனம்' என்று கௌரவமாகச் சொல்கிறது. ஊருக்கும் சேரிக்கும் நடுவே ஓடும் வாய்க்காலை அந்தச் சொல் மூடிவிடுகிறது.

இது புதிதும் இல்லை. கொலம்பியாவில் படித்துவிட்டுத் திரும்பிய அம்பேத்கர் பம்பாயில் முதலீட்டு ஆலோசனைத் தொழில் ஒன்றைத் தொடங்கினார். அவருடைய சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவது நின்றது, தொழில் மூடப்பட்டது. பொருளாதாரத்தில் அவர் அளவுக்குப் படித்தவர்கள் அன்றைய இந்தியாவில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். திறமை போதாததால் அந்தத் தொழில் நின்றது என்று யாராவது சொல்ல முடியுமா?

இப்போது மொத்தத்தைக் கூட்டுங்கள். கருவிகளும் வண்டியும் 63,000. மூன்று வேலைக்கான கூலிக் காத்திருப்பு 76,200. மூன்று வேலைக்கான மெட்டீரியல் 4,42,500. ஆக 5,81,700. கருவிகளின் பங்கு நூற்றுக்குப் 11 ரூபாய்கூட முழுதாக வரவில்லை. மீதி 89 ரூபாய் யார் கையிலிருந்து வரும்? ஆதிக்கச் சாதிக் காண்ட்ராக்டருக்கு அதில் பெரும்பகுதியை அவருடைய சாதி கொடுத்துவிடுகிறது. நமக்கு அரசு கொடுக்க வேண்டும். அரசு என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

ஒன்றிய அரசு 2023இல் விஸ்வகர்மா திட்டம் கொண்டுவந்தது. 18 தொழில்கள், அதில் கொத்தனார் வேலையும் உண்டு. கருவி வாங்க 15,000 ரூபாய், பிறகு முதலில் 1 லட்சம், அதை அடைத்தால் 2 லட்சம் கடன். குலத்தொழிலை உறுதிப்படுத்துகிறது என்று சொல்லித் தமிழ்நாடு அரசு அதை அந்த வடிவில் ஏற்கவில்லை. அந்த விமர்சனம் சரியானது. ஆனால் அந்தத் திட்டத்தில் இன்னொரு சாதியமும் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. கையில் கருவியைக் கொடுத்தால் போதும் என்று நினைப்பதே அது. கருவி இருப்பவர் கூலிக்காரர். காத்திருக்கப் பணம் இருப்பவர்தான் காண்ட்ராக்டர்.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் பட்டியல் சாதியினருக்கு நகரத்தில் 25, கிராமத்தில் 35 விழுக்காடு மானியம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நிலையான முதலீட்டுச் செலவு இல்லாத திட்டத்துக்கு அங்கே கடன் கிடையாது. மானியமும் கைக்கு வராது. மூன்று ஆண்டு வங்கியில் வைப்பாகக் கிடந்து பிறகுதான் கடனில் கழியும். இதனால் என்ன நடக்கிறது? தேவையில்லாத மெஷினுக்குக் கொட்டேஷன் வாங்குகிறார்கள். 38,000க்கு முடிகிற கருவிப் பட்டியல் 3 லட்சமாக வீங்குகிறது. அந்த வீக்கத்தில் டீலருக்கு ஒரு பங்கு, புரோக்கருக்கு ஒரு பங்கு. பிறகு செய்தித்தாளில் 'கடன் வாங்கி ஏமாற்றுகிறார்கள்' என்று நம் மக்கள்மீது பழி. உண்மையான தேவையை எழுத இடம் கொடுக்காத படிவம், பொய் எழுதச் சொல்லித் தள்ளுகிறது.

2016இல் தொடங்கிய ஸ்டாண்ட் அப் இந்தியா, ஒவ்வொரு வங்கிக் கிளையும் ஒரு பட்டியல் சாதி அல்லது பழங்குடியினருக்காவது கடன் தர வேண்டும் என்றது. ஆனால் அதன் கீழ்வரம்பே 10 லட்சமாக இருந்தது. நம் தம்பிக்கு வேண்டியது 5,81,700. அவருடைய தேவை அந்தக் கதவின் உயரத்துக்கு எட்டவில்லை. முத்ராவில் போகலாம், அங்கே மானியம் இல்லை. தமிழ்நாட்டின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு முதலீட்டு மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் இருக்கின்றன. இருப்பவற்றில் இதுவே நல்லது என்று நாங்கள் தயங்காமல் சொல்வோம், விண்ணப்பிக்கச் சொல்லித் தம்பிகளை அனுப்பியும் வைக்கிறோம். ஆனால் அங்கும் கடைசியில் கையெழுத்துப் போட வேண்டியவர் வங்கிக் கிளை மேலாளர்.

மேலாளர் கேட்பது பிணை. 10 லட்சம் வரையிலான சிறுதொழில் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வாயால் கேட்பார்கள், எழுத்தில் கேட்க மாட்டார்கள். "வீட்டுப் பத்திரம் இருக்கா?" நம்மிடம் இருப்பது ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த நிபந்தனைப் பட்டா. அதைப் பார்த்ததும் முகம் மாறிவிடும். 1892இல் ஆங்கிலேய அரசு நம் மக்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் யார் யாருடைய பட்டாவில் இருக்கிறது என்று அந்த மேலாளருக்குத் தெரியாதா? அந்த நிலத்தையே பிணையாக வைத்துக் கடன் வாங்கியவர்கள் அவர் கிளையிலேயே இருக்கக்கூடும். பஞ்சமி நில மீட்பையும் தொழில் கடனையும் இரண்டு தனிப் பிரச்சினைகளாகப் பேசப் பழகியிருக்கிறோம். ஒரு டைல்ஸ் மேஸ்திரியின் பட்ஜெட்டில் இரண்டும் ஒரே வரியில் வந்து நிற்கின்றன.

எந்தப் படிவத்திலும் இல்லாத இன்னொரு செலவு உண்டு: வராத பாக்கி.

கடைசி 10,000 ரூபாயைக் கேட்கப் போவதை யோசித்துப் பாருங்கள். வீட்டுக்காரர் ஊர்த் தெருவில் இருக்கிறார். பூஜை அறைக்கு டைல் ஒட்டியது நம் தம்பி. கிரகப்பிரவேசத்துக்குப் பிறகு அந்த அறைக்குள் அவர் போக முடியாது. பல வீடுகளில் வாசல் திண்ணையைத் தாண்டவும் முடியாது. "ரெண்டு டைல் சத்தம் வருது, அதுக்குக் கழிச்சுக்கிட்டேன்" என்று வீட்டுக்காரர் சொன்னால், உள்ளே போய்த் தட்டிக் காட்டி வாதாட வேண்டும். குரல் உயர்த்தினால் "காலனிக்காரனுக்கு இவ்வளவு திமிரா" என்று பேச்சு மாறும். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025இல் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வீட்டுக்காரரின் வாயிலிருந்து அதை யார் நீக்குவது? பாக்கி கேட்பது என்பது அதிகாரம் உள்ளவர் செய்கிற வேலை. அதிகாரம் இல்லாதவருக்குப் பாக்கி என்பது பாதி தானம். எனவே தலித் காண்ட்ராக்டரின் பட்ஜெட்டில் வராக்கடனுக்கு ஒரு வரி வேண்டும். மொத்தக் கூலித் தொகையில் பத்தில் ஒரு பங்கு என்று போடச் சொல்கிறோம். ஒரு வேலைக்கு 7,000. அப்போது 14,600 லாபம் 7,600 ஆகிறது. கசப்பாக இருக்கிறதா? திட்ட அறிக்கையில் எழுதாவிட்டால் வாழ்க்கையில் எழுதப்படும்.

இங்கே சட்டம் தெரிந்த மாணவர்கள் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் 'பொருளாதாரப் புறக்கணிப்பு' என்பதற்கு விளக்கம் தந்திருக்கிறது. பட்டியல் சாதியினரோடு தொழில் செய்ய மறுப்பதும், ஒப்பந்த வாய்ப்புகளை மறுப்பதும் அதற்குள் வரும். அதைச் சுமத்துவது தண்டனைக்குரிய குற்றம். கொலைக்கும் தாக்குதலுக்கும் மட்டும்தான் இந்தச் சட்டம் என்று நம்மவர்களே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் நிரூபிக்கக் காகிதம் வேண்டும். அதனால் ரேட்டையும் அளவையும் தவணையையும் எழுதி வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். கையெழுத்துக்குத் தயங்கினால் வாட்ஸ்அப்பில் அனுப்பி 'ஓகே' வாங்கினாலும் போதும். வேலை முடிந்ததும் ஒவ்வொரு டைலையும் தட்டி, சத்தத்தோடு வீடியோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஜெராக்ஸும் டேட்டாவும் சேர்த்து மாதம் சில நூறு ரூபாய். அதுவும் தொடக்கச் செலவில் ஒரு வரிதான்.

பெயர்ப் பலகை பற்றியும் ஒரு வார்த்தை. உத்யம் பதிவு இலவசம், அதை எல்லாரும் எடுக்க வேண்டும். அந்தச் சான்றிதழில் சமூகப் பிரிவு அச்சாகும். சலுகைக்குச் சாதியைக் காட்ட வேண்டும், வேலை கிடைக்க மறைக்க வேண்டும். விசிட்டிங் கார்டில் 'அம்பேத்கர் நகர்' என்று முகவரி போடலாமா, பக்கத்துத் தெருவின் பெயரைப் போடலாமா என்று எங்களிடம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். இதற்கு நாங்கள் முடிவு சொல்வதில்லை. வேலை போனால் போவது அவர்களுடைய வேலை, நம்முடையது இல்லை.

இரண்டு பக்கத்திலிருந்தும் எங்களைத் திட்டுவார்கள் என்று தெரியும். ஒரு பக்கம் 'வேலை தேடாதே, வேலை கொடு' என்று மேடையில் முழங்குகிறவர்கள். பத்துத் தலித் கோடீசுவரர்களின் படத்தைப் போட்டுச் சாதி ஒழிந்துவிட்டது என்று காட்டுவதற்கு அவர்களுக்கு ஆசை. அந்தப் படங்களுக்குப் பின்னால் 13,275 ரூபாய் வித்தியாசத்தில் தோற்றுத் திரும்பவும் கூலிக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று அவர்கள் எண்ணுவதில்லை. மறுபக்கம் நம் தோழர்களிலேயே சிலர்: "நிலத்துக்குப் போராட வேண்டிய நேரத்தில் காண்ட்ராக்டர்களை உருவாக்குகிறீர்களா? குட்டி முதலாளிகளை வளர்ப்பதா இயக்கத்தின் வேலை?" நிலத்துக்கான போராட்டம் நிற்கக் கூடாது, அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வாழ்நாள் முழுவதும் சித்தாளாகவே இருப்பதில் என்ன புரட்சி இருக்கிறது? இந்தக் கேள்வியை மாதச் சம்பளத்தில் இருந்துகொண்டு கேட்கிறவர்கள்மீது எங்களுக்குக் கொஞ்சம் எரிச்சலும் உண்டு.

ஆனால் அவர்கள் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. பட்ஜெட் இறுகும்போது எளிதில் வெட்டக்கூடியது கூலிதான். நம் தம்பியின் செட்டில் இருப்பவர்கள் நம் அக்கா தங்கைகளும், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்களும்தான். பெண் உதவியாளுக்கு 500, ஆணுக்கு 700 என்று எழுதினால் கணக்கு உடனே அழகாகிவிடும். முகக்கவசத்தையும் தண்ணீர்க் குழாயையும் அடித்துவிட்டால் 3,000 மிச்சம். காய்ந்த டைலை கிரைண்டரில் வெட்டும்போது பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கி சிலிகோசிஸைக் கொண்டுவரும், அது வந்தால் திரும்பாது. சாதி நம்மிடம் பிடுங்கிக்கொண்ட பணத்தை நமக்கும் கீழே இருப்பவரிடம் வசூல் செய்கிற பட்ஜெட்டை நாங்கள் எழுதித் தர மாட்டோம். எழுதித் தராமல் திருப்பியும் அனுப்பியிருக்கிறோம். செட்டில் இருக்கும் எல்லாரையும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்வதை முதல் வாரத்து வேலையாக வையுங்கள்.

கேட்க வேண்டியதை இனி துல்லியமாகக் கேட்போம். 'தலித் தொழில்முனைவோருக்கு ஊக்கம்' என்று கேட்டால் ஒரு கருத்தரங்கம் நடத்தி, பிரியாணி போட்டு அனுப்பிவிடுவார்கள். நாம் கேட்க வேண்டியது நடைமுறை மூலதனம். கருவிக்கு மானியம் தருவதுபோல, முதல் இரண்டு ஆண்டுக்குக் கூலிக்கும் சரக்குக்குமான சுழல் கடன் வேண்டும். டைல்ஸ் கடைக்குத் தாட்கோ பொறுப்பேற்றுக் கையெழுத்திடும் 90 நாள் கடன் உத்தரவாதம் வேண்டும். ஆதிக்கச் சாதிக் காண்ட்ராக்டருக்கு அவருடைய மாமா செய்வதை நமக்கு அரசு செய்யட்டும்.

அடுத்து வேலை. பக்கத்தில் கர்நாடகத்தில் 2017இல் சட்டம் திருத்தி, 50 லட்சம் வரையிலான அரசு ஒப்பந்தப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 17.15, பழங்குடியினருக்கு 6.95 விழுக்காடு ஒதுக்கினார்கள். பிறகு அந்த வரம்பை 1 கோடிக்கு உயர்த்தினார்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதி. இங்கே என்ன தடை? தாட்கோ 1974இல் நமக்கு வீடு கட்டித் தரத் தொடங்கப்பட்ட நிறுவனம். இன்றும் அதன் கட்டுமானப் பிரிவு ஆதிதிராவிடர் நல விடுதிகளையும் பள்ளிகளையும் கட்டுகிறது. அந்த விடுதிகளின் குளியலறைக்கும் சமையலறைக்கும் டைல் ஒட்டும் வேலையைத் தனியாகப் பிரித்து, நம் தம்பிகளின் செட்டுகளுக்குச் சிறு ஒப்பந்தங்களாகக் கொடுக்கலாம். வைப்புத் தொகையைத் தள்ளுபடி செய்யலாம், தாசில்தாரிடம் சொத்துச் சான்று கேட்பதை நிறுத்தலாம், பில் போட்ட 30 நாளில் பணம் தரலாம். நம் மாணவர்கள் தங்கும் விடுதித் தரையை நம் மேஸ்திரிகள் தங்கள் சொந்தப் பெயரில் ஒட்டுவதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவைப்படாது என்றே நினைக்கிறோம், ஓர் உத்தரவு போதும்.

கல்லூரி வாசகர் வட்டங்களுக்கு இந்தப் பருவத்துக்கான வேலை இது. உங்கள் ஊரில் டைல்ஸ் ஒட்டுகிற ஒருவரைப் பிடியுங்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவரோடு உட்கார்ந்து, அவர் கடைசியாகச் செய்த மூன்று வேலைகளில் எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, எந்த வட்டிக்கு வாங்கினார் என்று நோட்டில் எழுதுங்கள். பிறகு 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் மாவட்ட முன்னோடி வங்கிக்கு ஒரு மனு போடுங்கள். முதலாண்டுகளைத் தனித்தனியாகப் பிரித்துத் தரக் கேளுங்கள். கடந்த மூன்று நிதியாண்டுகளில் பட்டியல் சாதி விண்ணப்பதாரர்களுக்கு அனுமதித்த தொழில் கடன்கள் எத்தனை? அவற்றில் நடைமுறை மூலதனக் கடன் எத்தனை, அதன் தொகை எவ்வளவு? 10 லட்சத்துக்குக் கீழான கடன்களில் எத்தனைக்குச் சொத்துப் பிணை பெறப்பட்டது? நிராகரித்த விண்ணப்பங்கள் எத்தனை, ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதிவான காரணம் என்ன?